தாங்கும் சுவர், தடுக்கும் சுவர்

பழைய வீட்டை என்ன செய்வது? இடிப்பதா, இருத்துவதா?

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று எனக்கு அறிவுரை வழங்கிற்று. "பாட்டன் கட்டிய வீடு, ஒரு செங்கல்லை அசைத்தாலும் குடும்பமே ஆட்டங்காணும்!" என்றனர் முதியோர். "கறையான் தின்ற கூடு அது; பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், ஒரே நாளில் தரைமட்டம்!" என்றனர் இளைஞர். முதியோரின் அச்சத்தைக் கண்டு நகைத்தேன்; இளைஞரின் துணிவைக் கண்டு மகிழ்ந்தேன். மேடையேறிப் பகுத்தறிவு பேசுபவனல்லவா! இடித்தெறிவதுதான் எனக்கு அழகு என்று எண்ணினேன். பிறகுதான் தெரிந்தது, இரு சாராரும் செய்தது ஒரே தவறு என்பது. எவரும் வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டின் வயதைத்தான் பார்த்தனர்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், 1931 இல் என் பாட்டனார் எழுப்பிய ஓட்டு வீடு அது. தெருவிலே திண்ணை, அதனையடுத்து நடை, பின்னர் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், இரண்டாங்கட்டில் சமையலறை, அப்பால் கொல்லை, கொல்லைக்கோடியில் கிணறு. செங்கல்லும் சுண்ணாம்பும், தேக்குத் தூணும் பனஞ்சட்டமும் கொண்டு கட்டியது. பார்ப்பதற்கு வீடு, படிப்பதற்கோ சட்டப் புத்தகம்! இன்னார் திண்ணையோடு நிற்க. இன்னார் நடைவரை வருக. இன்னார் கூடத்தில் அமர்க. இன்னார் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுக்க. இன்னார் தெருப்பக்கம் தலைகாட்டாது கொல்லைச் சந்து வழியே வந்து, அழுக்கை அள்ளிக்கொண்டு, வந்த வழியே போக. இவ்வளவையும் வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவையே பாட்டனாருக்கு இருந்ததில்லை. சுவர் சொல்லிற்று, வாசற்படி சொல்லிற்று.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், தோழர்களே. அக்கிரகாரத்துத் தெருவிலே செருப்பணிந்து நடக்க விடவில்லையே என்று கடைசி மூச்சுவரை குமுறியவர் என் பாட்டனார். அந்தக் குமுறலைக் கேட்டுத்தான் எனக்குச் சூடு பிறந்தது. ஆனால் அதே பாட்டனார்தான் தம் வீட்டுக்குப் பின்னால் மூன்றடி அகலத்தில் அந்தச் சந்தை அளந்து விட்டவர். தன்மீது விழுந்த அடியை எண்ணினார். தன் கையால் விழுந்த அடியை எண்ணவில்லை.

2022 இல் பழுதுபார்க்கத் தொடங்கினேன். வேலையை ஏற்ற கொத்தனார், ஊரின் கிழக்கேயுள்ள காலனியில் வாழ்பவர், அறுபதைக் கடந்தவர். முதல் நாளே ஒரு செய்தி சொன்னார்: இந்த வீட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து அரைத்த ஆட்களில் அவருடைய பாட்டனாரும் ஒருவராம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் கலந்து பல நாள் அரைத்த கதையை அவர் குடும்பம் இன்றும் சொல்கிறதாம். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை இல்லை! வீடு கட்டும் நாள் முழுதும் எல்லா அறையிலும் நடமாடிய அந்தக் கால், பால் காய்ச்சிய மறுநாள் முதல் திண்ணைக்கு அப்பால் நிறுத்தப்பட்டது. கொத்தனார் இதைச் சினந்து சொல்லவில்லை. ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

நடைக்கும் முற்றத்துக்கும் குறுக்கே ஒரு சுவர் நின்றது. தெருவில் நிற்பவன் கண்ணுக்கு உள்வீடு தெரியாது. உள்ளிருக்கும் பெண்ணின் கண்ணுக்குத் தெரு தெரியாது. காற்றும் வராது. அதற்கு எங்கள் குடும்பம் 'நெஞ்சுச் சுவர்' என்று பெயரிட்டிருந்தது. அதைத் தொட்டால் கூரை முழுதும் உட்கார்ந்துவிடும் என்பது மூன்று தலைமுறை நம்பிக்கை. நானும் நம்பினேன். கடவுளைக் கேள்வி கேட்டவன், சுவரைக் கேள்வி கேட்டதில்லை.

கொத்தனார் ஏணியில் ஏறினார். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிச் சுவரின் தலைக்கும் மேலேயிருந்த உத்திரத்துக்கும் நடுவே வைத்துத் தள்ளினார். இந்தப் பக்கம் நுழைந்த ஈர்க்கு அந்தப் பக்கம் வந்தது! இடம் மாற்றி வைத்தார், அங்கும் வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த ஈர்க்கை இழுத்துக்கொண்டே நகர்ந்தார்; எங்கும் தடைப்படவில்லை. "இது எதையும் தாங்கவில்லை, ஐயா. சும்மா நிற்கிறது" என்றார்.

எண்ணிப் பார்த்தால் எளிய கணக்கு. ஓட்டின் சுமை சட்டத்துக்கு. சட்டத்தின் சுமை உத்திரத்துக்கு. உத்திரத்தின் சுமை தூணுக்கு. தூணின் சுமை தரைக்கு. இந்த வரிசையில் நெஞ்சுச் சுவருக்கு இடமே இல்லை. தொண்ணூற்றோராண்டு, கூரையைத் தான் தாங்குவதாக நடித்துக்கொண்டு, மனிதரை மட்டும் தடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஆனால் ஈர்க்கு நுழைந்தவுடன் கடப்பாரையைத் தூக்கிவிடவில்லை அந்தப் பெரியவர். அதைத்தான் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். சுவரின் அடிமானம் அமிழ்ந்ததால் இடைவெளி உண்டாகியிருக்கலாமல்லவா? உத்திரம் பின்னர் தொய்ந்து வந்து உட்காரக் காத்திருக்கலாமல்லவா? உத்திரத்துக்கு அடியில் இரண்டு முட்டுக் கொடுத்தார். ஒரு நூலைக் கட்டி உத்திரத்தின் நேரைக் குறித்துக்கொண்டார். மேல் மூன்று வரிக் கல்லை மட்டும் எடுத்தார். நான்கு நாள் வேறு வேலை பார்த்தார். ஐந்தாம் நாள் நூலைப் பார்த்தார், இம்மியும் இறங்கவில்லை. அதன் பிறகே சுவர் விழுந்தது. ஐயம், சோதனை, பொறுமை, மறு சோதனை! நான் நூலில் படித்துக் கைதட்டல் வாங்கியதை அவர் கையில் வைத்திருந்தார்.

அதே பெரியவர், நான் இடிக்கச் சொன்ன ஒன்றை இடிக்க மறுத்தார். திண்ணை! சாதியின் சின்னம், முதலில் அது போகட்டும் என்றேன். அவர் குனிந்து சுவரின் அடியைக் காட்டினார். திண்ணையில்லாத பக்கச் சுவரின் கால், மழைச்சாரல் அடித்து அடித்து அரித்துப் போயிருந்தது. திண்ணையுள்ள முகப்புச் சுவரின் காலோ கட்டிய நாளில் இருந்தபடியே இருந்தது. வழிப்போக்கன் தலைசாய்க்க இடமானதும் அதுதான். சுவரின் காலைக் காத்ததும் அதுதான். திண்ணை என்ன குற்றம் செய்தது? 'திண்ணையோடு நில்' என்று சொன்ன நாக்கல்லவா குற்றவாளி! திண்ணை நின்றது.

என் தந்தையார் செய்த ஒரு பழுதுபார்ப்பும் அப்போது வெளிப்பட்டது. 1974 இல், சுவரில் ஈரம் ஏறுகிறதென்று சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெறிந்துவிட்டுச் சிமெண்டு பூசினார். பளபளவென்று இருந்தது, ஊரார் புகழ்ந்தனர். தரையீரம் செங்கல்லின் நுண்துளை வழியே மேலேறும்; சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும்; சிமெண்டுப் பூச்சோ வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலேறிற்று, உப்பைச் சுமந்துகொண்டு. நாங்கள் தட்டியபோது பூச்சு பாளம் பாளமாக வந்தது. உள்ளே செங்கல் மாவாய் உதிர்ந்தது. முகத்துக்கு முலாம், உடலுக்கு நோய்! திருமண அழைப்பிதழில் சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டு, மணமகனைச் சாதிக்குள்ளேயே தேடிய என் நண்பர் சிலர் நினைவுக்கு வந்தனர். மீண்டும் சுண்ணாம்பே பூசினோம். அது இறுக நாளாகும், காத்திருக்கத்தான் வேண்டும்.

வாஸ்து பார்ப்பவர் ஒருவரும் அழையாமலே வந்தார். சமையலறையைத் தென்கிழக்கு மூலைக்கு மாற்றினால் செல்வம் தங்கும் என்றார். அந்தச் சமையலறையில் என் அன்னையார் நாற்பதாண்டு புகையை விழுங்கி இருமினார். எந்த மூலையில் இருந்தாலும் புகைக்கு வழியில்லையென்றால் இருமல்தான் தங்கும். கூரையைத் திறந்து காற்றுப்போக்கி வைத்தோம். வேறு பேச்சு வேண்டாம்.

நெஞ்சுச் சுவர் விழுந்த அன்று மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் சிமெண்டுப் பூச்சாகிவிடும். தேநீர் வந்தது. எங்களுக்கு எவர்சில்வர் குவளை. கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் காகிதக் குவளை. பத்து நாளாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. கழுவும் தொல்லையில்லை, வசதி என்பதே காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வசதியென்றால் எல்லாருக்கும் காகிதமல்லவா வந்திருக்க வேண்டும்? சுவர் கிடந்த இடத்தில் இப்போது வெட்டவெளி. தெருவிலிருந்து முற்றம்வரை வெளிச்சம் பாய்ந்தது. ஆனால் அந்த ஐவரும் தேநீரை வாங்கிக்கொண்டு நேரே திண்ணைக்குப் போய் அமர்ந்தனர். 'உள்ளே வாருங்கள்' என்று எவரும் அவர்களைத் தடுக்கவில்லைதான், அழைக்கவுமில்லை. மறுநாள் குவளையை மாற்றினேன். கொத்தனார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, குடித்தார். பாராட்டை எதிர்பார்த்த என் முகத்தை அவர் கண்டிருப்பார் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கொல்லைச் சந்து வழியே வந்து கைகளால் அள்ளிய அந்த எடுப்புக் கழிப்பிடம், நான் பள்ளியில் படிக்கும்போதே மூடப்பட்டுவிட்டது. 1993 இல் அம்முறையைத் தடைசெய்து மைய அரசு சட்டம் இயற்றிற்று. போதவில்லையென்று 2013 இல் மற்றொரு சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பின்னரும் மலக்குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்களின் செய்தியை ஏடுகளில் படித்தே வருகிறோம். ஆகவே, தொட்டி கட்டிவிட்டு, நிரம்பியபின் எவனையோ தேடும் ஏற்பாடு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரட்டைக் குழி அமைத்தோம். சுற்றிலும் துளைவிட்டுச் செங்கல் அடுக்கிய இரண்டு குழிகள். ஒன்று நிரம்பினால் அடைத்துவிட்டு மற்றதைத் திறப்பது. மூடிய குழி ஏறத்தாழ ஈராண்டில் மணமற்ற எருவாகிவிடும். கிணற்றை விட்டுத் தள்ளி, மேட்டுப் பாங்கில் வெட்டினோம். மண்ணாய்ப் போனதை மண்வெட்டியால் நானே அள்ளலாம். அள்ளுவேனா என்பது 2025 இல் தெரிந்தது: அள்ளினேன். முதல் கூடையைத் தூக்கும்போது கை தயங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன்.

செங்கல்லை வைத்துச் செய்ய வேண்டியவை முடிந்துவிட்டன என்று நிமிர்ந்தபோதுதான் என் அக்கா வந்து நின்றார்.

அக்காவுக்கு 1986 இல் திருமணம். சீர் செய்தோம், கண்ணீருடன் அனுப்பினோம், அத்துடன் கணக்கு முடிந்தது என்று நினைத்தோம். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929 இல். எங்கள் வீடு பிறப்பதற்கு இரண்டாண்டு முன்பே! 1956 இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமையை மகனுக்கே வைத்திருந்தது. தமிழ்நாடு அதைத் திருத்தியது. 25-3-1989 முதல் மகளும் பங்காளி. தீர்மானத்திலிருந்து சட்டத்துக்கு வர அறுபதாண்டு! அந்தச் சட்டமும், அந்நாளுக்கு முன் மணமாகிப் போன மகளை விலக்கிற்று. என் அக்கா மூன்றாண்டில் தவறினார். மைய அரசின் 2005 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தடையை நீக்கிற்று. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எங்கள் தந்தையார் 1998 இல் மறைந்தார்; வீடு பாகம் பிரிக்கப்படவே இல்லை. ஆகவே பாதி அக்காவுடையது. இவ்வளவும் எனக்குத் தெரியும். பெண்ணுரிமை பற்றிப் பேசிய கூட்டங்களில் இந்த ஆண்டுகளையெல்லாம் ஒப்பித்தவன் நான். வீட்டைப் பழுதுபார்க்கும் முன் அக்காவை ஒரு சொல் கேட்டேனா? இல்லை.

"உனக்குரிய பாதியைத் தந்துவிடுகிறேன், அக்கா" என்றேன், பெருந்தன்மையோடு.

"தருகிறாயா? உன்னிடமிருந்தா, தம்பி?" என்றார் அக்கா.

நெஞ்சுச் சுவருக்கு மேல் ஈர்க்கு நுழைந்தது போலிருந்தது.

சமாளிக்கப் பார்த்தேன். ஒன்பது இலட்சம் செலவு செய்திருக்கிறேனே, சரிந்துகொண்டிருந்த வீட்டை நிறுத்தியவன் நானல்லவா என்றேன். இந்த வாதம் அற்பமானதன்று. எண்ணிப் பார்க்கத் தக்கது. எவன் தன் உழைப்பை ஒன்றில் கலக்கிறானோ அது அவன் உடைமை என்று வாதிட்டார், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக். பிறப்பால் வந்த உரிமையைக் காட்டிலும் உழைப்பால் வந்த உரிமை உயர்ந்ததென்று நாமும் சொல்கிறோம். அப்படியானால் வீடு பழுது பார்த்தவனுக்குத்தானே? ஆனால் அதே அறிஞர், அதே இடத்தில், என் பணியாள் வெட்டியெடுத்த புற்கரணையும் என் உடைமையே என்று எழுதிவிட்டார். உழைப்புக்கு உடைமை என்று தொடங்கி, உழைப்பவன் ஒருவன், உடையவன் வேறொருவன் என்று முடித்துவிட்டார்! எந்த உழைப்பு கணக்கில் ஏறுகிறது, எது ஏறாமல் போகிறது? கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

"செலவில் பாதியைக் கேள், கொடுத்துவிடுகிறேன்" என்றார் அக்கா. "என் கணக்கையும் பக்கத்தில் எழுது. எட்டு வயதிலிருந்து தாலி ஏறும்வரை ஆண்டுதோறும் பொங்கலுக்கு இந்தச் சுவர் முழுதும் வெள்ளையடித்தது யார்? ஐப்பசி அடைமழைக்கு முன் முற்றத்துத் தூம்பை அள்ளியது யார்? தூணடியில் புற்றைக் கண்டால் வெட்டிக் கொட்டியது யார்? நீ ஓர் ஆண்டு செய்தாய், ரசீது வைத்திருக்கிறாய். அம்மாவும் நானும் ஆண்டுக்காண்டு செய்தோம், ரசீது இல்லை."

குறிப்பேட்டைத் திறந்தேன். பதினான்கு பொங்கல். ஒரு பொங்கலுக்கு என்ன கூலி? அன்றைய கூலியா, இன்றைய கூலியா? அந்த வெள்ளையடிப்பு இல்லாதிருந்தால் நான் பழுதுபார்க்க எது மிஞ்சியிருக்கும்? இடிந்த பின் தூக்கி நிறுத்துவது செலவு. இடியாமல் காத்தது கடமையா? குறிப்பேட்டை மூடிவிட்டேன். செலவில் பாதியைக் கேட்கவில்லை. அது ஈகையன்று, கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்தான் பாக்கி வைத்திருப்பேன் என்ற அச்சம்.

சாந்து அரைத்தவரின் கணக்கு ஒன்று இருக்கிறது. அவருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது என்பார்கள். எவ்வளவு கொடுத்தார்கள், நெல்லாகவா காசாகவா, எதுவும் எங்கள் வீட்டு ஏட்டில் இல்லை. கூலி கொடுத்துவிட்டால் வாசற்படிக்கு வெளியே நிறுத்தும் உரிமையும் விலைக்கு வந்துவிடுமா? அவர் பேரனுக்கு நான் கொடுத்தது இன்றைய கூலிதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டாங்கட்டுக்குப் பின்னால், கொல்லையை ஒட்டி ஓர் அறை இருந்தது. எட்டடிக்கு ஆறடி. சாளரம் கிடையாது, ஆள் குனிந்து நுழையும் கதவு. மாதந்தோறும் மூன்று நாள் அம்மாவும் அக்காவும் அங்கேதான் இருந்தனர். தட்டும் குவளையும் தனி. சிறுவனாய் இருந்தபோது அந்தக் கதவின் பக்கம் போகக் கூடாதென்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அக்கா சிம்னி விளக்கில் படித்தது அங்கேதான் என்பதை அன்றுதான் அறிந்தேன். கடப்பாரையை எடுத்துக் கொத்தனாரிடம் நீட்டினேன். "இதை முதலில் இடியுங்கள், ஒரு கல் மிஞ்சக் கூடாது!"

"இடிக்காதே" என்றார் அக்கா.

எனக்கு விளங்கவில்லை. இழிவின் அடையாளமல்லவா இது என்றேன். மேடையில் பேசும் குரலிலேயே சொன்னேன் போலும். அக்கா சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"உள்ளே இருந்தவள் நான். இடிப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துவிட்டாயே! கிழக்குச் சுவரில் பெரிய சாளரம் வை. கதவை உயர்த்து. என் பங்கில் இந்த அறை வரட்டும்."

கொத்தனார் ஈர்க்கை எடுத்துக்கொண்டு ஏறினார். கிழக்குச் சுவர் சுமை தாங்கும் சுவர்தான், நுழையவில்லை. சாளரத்துக்கு மேல் உறுதியான ஒரு விட்டம் கொடுத்துவிட்டால் திறக்கலாம் என்றார். நெஞ்சுச் சுவரிலிருந்து கழற்றிய தேக்கு நிலை அப்படியே கிடந்தது. காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு வாங்கிச் செல்ல ஒருவர் விலைகூடப் பேசியிருந்தார். அதை அறுத்துச் சாளரச் சட்டமாக்கினோம். காலை வெயில் இப்போது அந்த அறைக்குள் எதிர்ச்சுவர்வரை விழுகிறது. பட்டாவில் இரண்டு பெயர் ஏறிவிட்டன. அக்காவின் பெயர் முதலில், மூத்தவரல்லவா!

ஆண்டுக்கு இருமுறை அக்கா வருகிறார். புத்தக அலமாரி ஒன்றும் தையல் எந்திரம் ஒன்றும் வைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பும்போது பூட்டிக்கொண்டு போகிறார். உள்ளே வேறென்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சாவி அவரிடம் இருக்கிறது.